டீச்சர் கொடுத்த கொண்டை ஊசி

இராயபுரத்தில் எங்கள் வீட்டில் பூட்டிவைக்கும்படியான பொருள் எதுவும் இருந்ததில்லை. பூட்டுகள் மட்டும் ஒரு கூடை நிறைய இருந்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். சாவி தொலைந்துபோன பூட்டுகளை அங்கே கழித்துப் போடுவார்கள். பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடலாம் என்று அவர் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். எடை சேரும்வரை அவை எனக்கு விளையாட்டுச் சாமான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஒடிந்த குடைக்கம்பி ஒன்றைக் கல்லில் தட்டி நுனியை வளைத்துக்கொண்டேன். முதல் பூட்டுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. உள்ளே ஏதோ ஒன்று கம்பிக்கு இடம் கொடுத்து நகர்வதை விரல் முதலில் உணரும். காது அப்புறம்தான் கேட்கும். திறந்துகொண்ட பூட்டின் மேல் எனக்கு அக்கறை கிடையாது. மறுபடி அழுத்திப் பூட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.

"இன்னாடி எப்பப் பாரு இத்த நோண்டிக்கினு கீற?" என்பாள் அம்மா.

"உடுக்கா, அது பாட்டுக்கு வெளையாடுது," என்பார் மாமா.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ரங்கூனுக்குக் கப்பலேறினார்; போனவர் போனவர்தான். மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளி அம்மா என்னைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

ஒருநாள் பெரிய டீச்சர் அலமாரிச் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். தேசப்படம் உள்ளே மாட்டிக்கொண்டது. "இவ தொறப்பா டீச்சர்," என்று என் பக்கத்தில் இருந்தவள் கத்தினாள். டீச்சர் சிரித்தபடி தம்முடைய கொண்டையிலிருந்தே ஓர் ஊசியை உருவிக் கொடுத்தார். நூறு எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன். வகுப்பே கைதட்டியது. டீச்சர் என் கன்னத்தைத் தட்டி, பெப்பர்மிண்ட் ஒன்று கொடுத்தார். அதைக் கடிக்காமல் வீடு வரை வாயில் வைத்துக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம், பரிசளிப்புக்கு வாங்கிவைத்திருந்த வெள்ளிப் பதக்கம் அந்த அலமாரியில் இல்லை. பூட்டு பூட்டினபடியே இருந்தது. யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டினவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊசி கொடுத்த டீச்சரும் பார்த்தார்.

மண்டிக்கு ஆள் போயிற்று. அம்மா வேலையைப் போட்டது போட்டபடி, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து வாசலிலேயே நின்றாள்.

"நான் எடுக்கலம்மா," என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாதிரி இடத்துப் பிள்ளைங்களை நம்பிச் சேர்த்தது என் தப்பு," என்றார் டீச்சர். "இந்த வயசுலேயே பூட்டுத் திறக்கிற கை. போலீஸுக்குச் சொல்லி அனுப்புறதுதான் முறை."

போலீஸ் என்ற வார்த்தை முடிவதற்குள் முதல் அடி என் கன்னத்தில் விழுந்தது. அதன்பின் நான் எண்ணவில்லை. மிளகாய்க் கை பட்டுக் கண், உதடு எல்லாம் பற்றியெரிந்தது. நான் அலறினேன். அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் டீச்சரே எழுந்துவந்து, "போதும், கொன்னுடாதே. பேரை அடிச்சுட்டு விட்டுடுறேன், கூட்டிட்டுப் போ," என்றார். அம்மா குனிந்து அவரைக் கும்பிட்டாள்.

டிராம் தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். தெருக்குழாயடியில் அம்மா என்னை உட்கார வைத்தாள். தன் விரல் படாமல், முந்தானையை நனைத்து நனைத்து என் முகத்தில் ஒற்றினாள். நீ எடுத்தியா என்று அவள் கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும் பூட்டுக் கூடையை மாமாவிடம் கொடுத்து, அன்றைக்கே எடைக்குப் போடச் சொன்னாள். மறுவாரம் நானும் மண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினேன்.

மூன்று மாதம் கழித்துத் தெருவில் பழைய வகுப்புத் தோழியைப் பார்த்தேன். அலமாரியை நகர்த்தியபோது பின்பலகையின் இடுக்கில் பதக்கம் கிடந்ததாம்; பரிசளிப்பில் யாருக்கோ கொடுத்தாயிற்றாம். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மண்டிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "பதக்கம் கெடச்சிட்சாம்!" அவள் அழுவாள், அல்லது என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் தலை நிமிரவில்லை. "அங்கதான இர்க்கும். வேற எங்க பூடும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலை இழுத்துப்போட்டாள்.

அந்த அலட்சியத்தை நான் மன்னிக்கவில்லை. ஊரோடு சேர்ந்து அவளும் என்னைத் திருடி என்றுதான் நினைத்தாள், இப்போது வருத்தப்படக்கூட மனசில்லை என்று முடிவு கட்டினேன். அதன்பின் எனக்குக் கல்யாணமாகும் வரை, ஒரே பாயில் படுத்து எழுந்தும், அவள் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னேன். ஒருத்தி ஒன்றைக் கேட்காமல் இருப்பது, அதன் பதில் அவளுக்கு முன்பே தெரியும் என்பதாலும் இருக்கலாம். அது எனக்கு அப்போது தெரியவில்லை.