மண்திட்டில் அடித்த இரண்டு வட்டம்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, தை மாதம். நானும் கணவரும் திண்டுக்கல்லில் ஆசிரியர்கள். ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தோம். தெருவே சிரித்தது. யாராவது சிரித்தால் இன்னும் வேகமாக மிதிக்கிற ரகம் நான்.

சித்தையன்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில் வனத்துறையின் மண்பாதை ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் போய் ஓடையில் முடியும். அதில் சைக்கிள் ஓட்ட அனுமதி கேட்டு ரேஞ்சர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஐந்தாவது தடவை, காலையில் மட்டும் என்று ரேஞ்சர் எழுதிக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு. கல்லும் வேருமான பாதையில் குலுங்கிக்கொண்டே போனால், ஓரிடத்தில் குறுக்கே மாவு சலித்துக் கொட்டியது போல வழுவழுவென்று மண். ஆசை யாரை விட்டது? அதன் மேல் நான் இரண்டு வட்டம் அடித்தேன். கணவர் ஒரு வட்டம் அடித்தார்.

பின்னாலேயே நடந்து வந்த, காட்டைக் காவல் பார்க்கும் வாட்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இம்புட்டுக் காடு கெடக்கு. ஒங்களுக்கு இந்த மண்ணுதான் கெடச்சுச்சா?"

அடிவாரத்துப் பட்டிகளில் ஆடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தூக்குவது நாயா சிறுத்தையா என்று தெரியவில்லை. நடமாடும் மிருகத்தின் கால் தடம் பதியட்டும் என்று அவர் முந்தின நாள் சலித்துப் பரப்பிய மண் அது. அதில் தடம் விழுந்திருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. என் டயர் தடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வெட்கத்தோடு சைக்கிளை விட்டு இறங்கினேன்.

ரேஞ்சர் அனுமதியை ரத்து செய்தார். "படிச்சவுகன்னு நம்பிக் குடுத்தேன் டீச்சர்" என்று அவர் சொன்னது நெருப்பாகச் சுட்டது.

மறுநாளே ரேஞ்சர் முன்னால் போய் நின்றேன். பாதையில் அப்படி ஆறு திட்டுகள். வாட்சர் ஒருவரே நடந்து பார்க்க வேண்டும். பாதி தூரம் போவதற்குள் வெயில் ஏறி, காற்று தடத்தைக் கலைத்துவிடும். "சைக்கிள்ல போனா அரை மணி நேரத்துல ஆறையும் பாத்துரலாம் சார். கெடுத்தவளே சரி பண்ணுறேன்" என்றேன்.

ரேஞ்சர் காலண்டரைப் பார்த்தார். "ஒரு மாசந்தான். என்ன மிருகம்னு கண்டுபிடிச்சுக் குடுத்தா பாதை ஒங்களுக்கு. இல்லேன்னா இந்தப் பக்கமே வரக் கூடாது."

கியர் சைக்கிளில் கேரியர் பொருத்தி, சல்லடை, விளக்குமாறு, தடத்தின் மேல் வைத்து வரைய ஒரு கண்ணாடிச் சில்லு எல்லாம் கட்டிக்கொண்டேன். பால்காரம்மா என்று கணவர் கேலி செய்தார். வாட்சர் மண் பரப்பக் கற்றுக்கொடுத்தார். "கோலம் போடுறாப்ல தூவாதீக டீச்சர். வாசல் மெழுகுறாப்ல தடவுங்க."

சனியும் ஞாயிறுமாக மூன்று வாரம் போனது. முயலும் மயிலும்தான் நடந்திருந்தன. கடைசி ஞாயிறு, ஐந்தாவது திட்டில் அது இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான தடம். நாய் என்றால் நகம் பதியும். இதில் நகமே இல்லை. சிறுத்தை! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு வரிசைத் தடங்களைப் பார்த்தேன்.

"குட்டியோட திரியுது" என்றார் கணவர் மெதுவாக. "சொன்னா பாதையவே மூடிருவாங்க. பெருச மட்டும் வரைஞ்சுக்குவோமா?"

அவரை ஏன் குறை சொல்ல? என் மனசிலும் அதேதான் ஓடியது. விளக்குமாறு கையிலேயே இருந்தது. ஒரு தடவை இழுத்தால் போதும், பாதை எங்களுடையது. ஒருமுறை தெரியாமல் அழித்துப் பட்ட வெட்கம் போதும் என்று, கண்ணாடியை முதலில் குட்டித் தடத்தின் மேல்தான் வைத்தேன்.

ரேஞ்சர் அன்றைக்கே பாதையை மூடினார். பட்டிகளுக்கு முள்வேலி உயர்ந்தது. எங்கள் சைக்கிள்கள் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து கிடந்தன.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ரேஞ்சரே போன் செய்தார். குட்டிகள் வளர்ந்து, தாயோடு மேல்மலைக்குப் போய்விட்டனவாம். போய் நின்றால், வாட்சர் கேட்டின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, "போங்க டீச்சர், ஒங்க பாதை" என்றார். ஓடை வரைக்கும் கத்திக்கொண்டே மிதித்தேன்.

அன்று விளக்குமாற்றை இழுத்திருந்தால் அந்தப் பாதை எனக்கு ஏழெட்டு மாதம் முன்பே கிடைத்திருக்கும், ஆனால் அவர் "ஒங்க பாதை" என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.