வேளா மீனுக்கு ஒரு மரண அறிவித்தல்

மட்டக்களப்பை அடுத்த தன்னாமுனையில் பிரதான வீதியோரமாக அழகரத்தினம் அண்ணனின் கடை இருக்கிறது. திருமணம், பூப்புனித நீராட்டு, கடைத்திறப்பு எல்லாவற்றுக்கும் பதாகை அடிப்பதாகப் பலகையில் எழுதியிருந்தாலும், அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மரண அறிவித்தலுக்குத்தான் வருவார்கள். வாழ்நாளில் சேட்டுக்கூடப் போடாத மீனவர்களுக்கு அவர் கணினியில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து அனுப்பிவைப்பார். குடும்பத்தார் அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுவார்கள்.

அவர் ஒரேயொரு தடவை பிழை விட்டார். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி, பழுகாமத்தில் ஒருவருக்கு அறிவித்தல் அடித்துக் கட்டிவிட்டார். ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். நான்காம் நாள் அவரே கடைக்கு வந்து, தன் வயதை ஆறு கூட்டிப் போட்டதற்குச் சண்டை பிடித்தார். அதன்பிறகு மூன்று மாதம் ஒருவரும் கடைப்பக்கம் வரவில்லை. அண்ணன் வாடகைக்கு ஆட்டோ ஓடினார். இப்போது உறவினர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்து வைக்காமல் அவர் யாரையும் சாகவிடுவதில்லை. இன்னொரு பிழை வந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்பார்.

அவரிடம்தான் நான் போனேன். விலங்கியல் படித்துவிட்டு, கடல் உயிரினங்களைப் பற்றிச் சனங்களுக்குக் கலை மூலம் எடுத்துச் சொல்லும் மூன்று மாத வேலையில் இருந்தேன். இது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இன்னும் முடியவில்லை. மீன் படம் போட்ட சுவரொட்டிகளை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. மரண அறிவித்தலையோ ஒருவரும் வாசிக்காமல் போவதில்லை. ஆகவே, நம் கடலில் காணாமலே போய்விட்ட வேளா மீனுக்கு ஒன்று அடித்துச் சந்தையடியில் கட்டுவோம் என்று யோசித்தேன்.

"ஆர் புள்ள மோசம்போன?" இறந்தவரின் பெயரை எழுத அண்ணன் கொப்பியை எடுத்தார்.

"வேளா மீன். மூக்கு வாள் மாதிரி இரிக்குமே, அது."

அவர் சிரிக்கவில்லை. "கையெழுத்து வைக்கிற ஆர்?"

"நான் வைக்கிறன்."

"நீங்க அதுக்கு என்ன முறை?"

என்ன முறை? நான்கு வருடம் படித்தேன். அதன் பல்லை எண்ணி எழுதிச் சோதனையும் பாஸ் பண்ணினேன். ஒரு வேளாவைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

"கடைசியாக் கண்ட ஆள் வந்து சொல்லட்டும். இல்லாட்டி மறுகா ஆர் பதில் சொல்ற?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

மீனவர் ஊரான பாலமீன்மடுவில் இருவருமாக விசாரித்தபோது எல்லோரும் வீரகத்தி ஐயாவைக் கைகாட்டினார்கள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, வேளா செத்துப்போன எண்டு ஒரு கையெழுத்து வேணும்," என்றார் அண்ணன்.

ஐயா எழும்பியே விட்டார். "எப்ப? ஆர் சொன்ன?"

"இந்தப் புள்ளதான் சொல்லுது."

"எண்ட வலையில விழுந்தது சாகல்ல மனே. வாள வீசி வீசி அடிக்குது, தோணியில ஏத்தேலுமா? வலைய வெட்டி விட்டுட்டன். பாதி வலையோட போன. முப்பது வருசத்துக்கு மேல இரிக்கும். மீனுமில்ல, வலையுமில்ல எண்டு பொஞ்சாதி இப்பவும் ஏசுறா."

"அது இப்ப உசிரோட இரிக்குமா ஐயா?" என்று கேட்டேன்.

"அதுட பிள்ளகுட்டி இரிக்காதா? பொணத்தக் காட்டு, கையெழுத்து வைக்கிறன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் உற்சாகமாக இருந்தார். "பாத்தீங்களா புள்ள? மானம் போயிரிக்கும்."

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு சாவை அறிவிக்க எவ்வளவு அவசரப்பட்டிருக்கிறேன்!

அன்றைக்கே அவர் பதாகையை அடித்தார். இணையத்தில் எடுத்த வேளாப் படத்தைச் சுற்றிப் பூமாலை, குத்துவிளக்கு எல்லாம் வழக்கம்போலத்தான். கோட்டு மட்டும் இல்லை; தோள் இல்லாததால் அது நிற்கவில்லை.

"மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை வசிப்பிடமாகக் கொண்ட வேளா அவர்கள் நெடுங்காலமாகக் காணப்படவில்லை. அன்னார் திருக்கையின் நெருங்கிய உறவினரும், பாலமீன்மடு வீரகத்தியின் பாதி வலையை வைத்திருப்பவரும் ஆவார்."

'மறைவு' என்ற சொல்லுக்குக் கீழே திகதி இல்லை. வெறும் இடம். அடியில் தகவலுக்கென்று தன் இலக்கத்தையே போட்டிருந்தார்.

சந்தையடியில் அதைக் கட்டியதும் ஒரு பெண் "ஐயோ, ஆருகா?" என்று ஓடிவந்தாள். வாசித்து முடித்துவிட்டு, பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் "நீ கண்டிரிக்கியா?" என்று கேட்டாள். அவன் கத்தியை வைத்துவிட்டு வந்து வாசித்தான். என் சுவரொட்டிகள் எதற்கும் யாரும் கத்தியைக் கீழே வைத்ததில்லை.

அடுத்த நாள் காலை நான் கடையில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஓட்டமாவடி மீன் வியாபாரி சரீப். அண்ணன் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

"தம்பி, உங்கட பதாகையில பிழை இரிக்கி. மவுத்தான திகதி இல்ல."

அண்ணனின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிழையில்ல நானா. சாகல்ல."

"சாகல்லயா? அப்ப நம்மட பொடியன்மார்ர வலையில பட்டா என்ன செய்யச் சொல்ற?"

அண்ணன் என்னைப் பார்த்தார். விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கைகாட்டினேன்.

"உசிரோட விட்டுடச் சொல்லுங்க நானா," என்றவர், குரலைத் தாழ்த்தி ஒன்று சேர்த்தார். "விட முதல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. இப்ப பதாகையில போட்டிரிக்கிற வெளிநாட்டு மீன்ட படம்."