மாங்கேணியில் பெயர் மாற்றி ஜெபித்த கதை

கடந்த மாசி மாதம் நானும் என் மனைவி அன்னம்மாவும் மாங்கேணிக்குப் போனோம். அவளுக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தால் காது அடைத்ததே தவிரக் குளிர் நிற்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இனி ஆண்டவர் விட்ட வழி" என்றார். மாங்கேணிக் கடற்கரையில் ஒரு சின்னக் கோயிலில் சனிக்கிழமைதோறும் நோயாளிகளுக்காக ஜெபிப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். நாங்கள் மெதடிஸ்த சபை, அது கத்தோலிக்கக் கோயில். அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்!

மட்டக்களப்பிலிருந்து காலை ஆறரை மணி ரயில். வாழைச்சேனைக்கு இருபது மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஐம்பது சதம். அங்கிருந்து வடக்கே ஏறக்குறையப் பன்னிரண்டு மைல் மாட்டுவண்டிதான். ஓட்டமாவடி வண்டிக்காரர் மீராசாகிபு போகவர மூன்று ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் நான் கத்தரிக்காய்கூட வாங்குவதில்லை. அன்று வாய் வரவில்லை.

"வாத்தியார், மனுசிக்கு வெயில் படாம தென்னங்கிடுகு கட்டியிருக்கன். மெதுவா ஓட்டுறன். நானும் அல்லாகிட்ட துஆக் கேக்கிறன்" என்றார். ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான்கு மணிக்கு ஜெபம். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தன் வீட்டு நோயாளிக்காக யாரும் ஜெபிக்கக் கூடாது. இரண்டு வீட்டார் நோயாளிகளின் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"உங்கட மனுசியச் செபஸ்தி பாத்துக்குவார்" என்றார் அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார். "நீங்க செபஸ்தியிட கைக்காகக் கேளுங்க. சுகம் வரும் வரைக்கும், ஒவ்வொரு நாளும்."

செபஸ்தி மீன்பிடிக்கிறவர். திருக்கை முள் குத்தி வலது கை வீங்கிக் கிடந்தது. விரல் மடங்காது, வலை பிடிக்க முடியாமல் வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டமாம். அவர் அன்னம்மாவிடம், "அக்கா, உங்கட முழுப்பேரையும் சொல்லுங்க" என்று கேட்டு, மறந்துவிடாமலிருக்க மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

முழங்காலில் நின்றேன். வாய் செபஸ்தியின் கை என்றது. மனம் அன்னம்மா, அன்னம்மா என்று கெஞ்சியது. இவ்வளவு தூரம் வந்தது ஊரான் கைக்காகவா என்று கோபமும் வந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் அன்னம்மா மெல்லக் கேட்டாள்.

"நீங்க அந்த மனுசனுக்காகக் கேக்கல்ல, என்ன?"

"இல்ல."

"அவர் எனக்காக அழுதவர். நாளைக்காவது கேளுங்க."

மறுநாள் காலை முதல் உண்மையாகவே கேட்டேன். அவள் பக்கத்தில் படுத்தபடி ஆமென் சொல்லுவாள். சித்திரையில் அன்னம்மா இறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் விடிந்ததும் செபஸ்தியின் கைக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஆமென் சொல்ல ஆளில்லாத வீட்டில் அந்த ஒரு ஜெபம்தான் எனக்கு மிஞ்சியிருந்தது.

போன வாரம் மீராசாகிபு ஒரு கருவாட்டுப் பொதியோடு வீட்டுக்கு வந்தார்.

"செபஸ்தி தந்து விட்டவர். இப்ப கை நல்லா மடங்குதாம், தோணியில போறார். அக்கா எழும்பிட்டாவா எண்டு கேட்டவர். இன்னும் ஒவ்வொரு நாளும் அவவுக்காகத்தான் செபிக்கிறாராம்."

மீராசாகிபுக்கும் விஷயம் தெரியாது. சொன்னதும் பொதியைக் கையில் வைத்தபடியே முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வழியில் நல்ல தண்ணீர் அரிது, கொண்டுபோங்கள். நோயாளிக்குப் போர்வை வேண்டும். மருந்தை நிறுத்தாதீர்கள், உபதேசியாரும் அதைத்தான் சொல்கிறார். சுகம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். செபஸ்திக்குக் கிடைத்தது, அன்னம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தரப்படும் பெயருக்காக முதல் நாளே மனதாரக் கேளுங்கள். என் முதல் நாளை நான் வீணாக்கினேன்.

வருகிற சனிக்கிழமை அதே ரயிலில் மாங்கேணி போகிறேன். அன்னம்மா இல்லை என்பதைச் செபஸ்தியிடம் நானே சொல்ல வேண்டும். இனி யாருக்காகச் செபிப்பது என்று அவர் கேட்பார். என் முழுப்பெயரையும் சொல்லுவேன்.