சங்குக்கு விழுந்த ஓட்டு

ஸ்ரீரங்கத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எனக்கு மந்திரியாக ஆசை வந்தது. வகுப்பைவிட்டு வெளியே போக அதுதான் வழி. எங்கள் வாத்தியார் வகுப்புக்கென்று ஒரு சட்டசபை வைத்திருந்தார். அதில் தண்ணீர் மந்திரிக்கு மட்டும் காலையும் மதியமும் குடத்தோடு காவிரிக்குப் போய்வர அனுமதி உண்டு. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வீட்டில் பாதி நாள் பழைய சோறும் இருக்காது. வெறும் வயிற்றோடு வாய்ப்பாடு சொல்வதைவிட நடப்பது சுலபம்.

அந்தக் காலத்துத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். எங்களுக்குப் பெட்டிக்குப் பதில் மண் கலயம், ஓட்டுச் சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை. என்னை எதிர்த்து நின்றவள் முதல் பெஞ்சுப் பெண். அவள் கத்தரிக்காய் வரைந்தாள். எனக்கு வரைய வந்தது சங்கு ஒன்றுதான்.

கரும்பலகைக்குப் பின்னால் கலயங்களை வைத்தார்கள். கொட்டிப் பார்த்தால் அவளுக்கு மூன்றே ஓட்டு. என் கலயத்தில் புளியங்கொட்டையோடு துளசியும் ஒரு காலணாவும் கிடந்தன.

வாத்தியார் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவனை எழுப்பி, ஏன் இவனுக்குப் போட்டாய் என்று கேட்டார்.

"சங்கு பெருமாளோடது சார். கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டேன்."

"சரி, இவன் ஒழுங்கா தண்ணி கொண்டாருவானா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

உண்டியலில் போடுவது சாமிக்கு, இங்கே போடுவது வேலைக்கு என்று சொல்லி, வாத்தியார் மறுநாள் மறுதேர்தல் வைத்தார். எனக்குப் புடலங்காய்ச் சின்னம். இருவரும் என்ன செய்வோம் என்று பேசவும் வேண்டும். அவள் தினமும் குடம் கழுவுவதாகச் சொன்னாள். நானும் கழுவுவேன், அதோடு கடைசி பெஞ்சிலிருந்து தண்ணீர் கொடுக்கத் தொடங்குவேன் என்றேன். இரண்டு ஓட்டில் ஜெயித்தேன்.

முதல் வாரமே படித்துறையில் யானை குளிப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது தோற்றுப்போன அந்தப் பெண் எழுந்தாள்.

"மந்திரி எங்க போயிருந்தாருன்னு சபைக்குச் சொல்லணும் சார்."

யானை பார்த்ததை ஒப்புக்கொண்டேன்.

"நாங்க இங்க நாக்கு வறண்டு கெடக்குறோம். நீ யானைக்கு மந்திரியா, எங்களுக்கா?"

வகுப்பே சிரித்தது. இவனைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்று வாத்தியார் சபையைக் கேட்டார்.

"மொதல்ல தண்ணி குடுக்கட்டும் சார், அப்புறம் எறக்கலாம்" என்றான் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன்.

குடித்து முடித்ததும் மணி அடித்துவிட்டது. பதவி தப்பியது. மறுநாளிலிருந்து ஓடிப்போய் ஓடிவந்தேன். நாற்பது பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு ஆற்றங்கரையில் நிற்கவிடவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்தேன். அவர்களில் ஒருவராலும் என்னை அப்படி நேரத்துக்கு வரவைக்க முடிந்ததில்லை.