முத்தரசு அத்தான் செய்த தேக்குப் பெட்டி

என் அக்கா தீபலட்சுமியின் கணவர் முத்தரசு, கொத்தமங்கலத்தில் தச்சு வேலை செய்கிறார். யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு பெட்டி வரைந்துவிடுவார். மழையில் செருப்பு நனைகிறதா, அதற்கொரு பெட்டி. பூனை பாலைக் குடிக்கிறதா, அதற்கும் பெட்டிதான். உட்கார மட்டும் அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துபோய் மண்டபத்துக் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஆவணியில் அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, எட்டாம் மாதத்திலேயே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஆயிரத்து நானூறு கிராம். மூச்சு சீராக இருந்தது. ஆனால் உடம்பில் சதைப்பற்று இல்லாததால் சூடு நிற்கவில்லை, பால் உறிஞ்சவும் தெரியவில்லை. அக்கா வேறு வார்டில் படுத்தபடியே மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். அது மெல்லிய குழாய் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குப் போனது.

"எம்புள்ள என்கிட்ட குடிக்கவே மாட்டாளாடி?"

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள்.

அத்தான் குழந்தைகள் வார்டின் கண்ணாடி வழியாக, மகளைப் படுக்க வைத்திருந்த சூட்டுப் பெட்டியைப் பார்த்தார். பென்சில் காதிலிருந்து இறங்கியது.

மூன்றாம் நாள் காலை ஆட்டோவில் ஒரு தேக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். மூன்று பக்கம் கண்ணாடி, மேலே மூடி, உள்ளே நாற்பது வாட் பல்பு. மானகிரியில் ஒருவருக்குக் கோழிக்குஞ்சு வளர்க்கச் முன்பு செய்து கொடுத்த பெட்டியின் அதே அளவு.

நர்ஸ் ஆரோக்கிய ஷீலா வாசலிலேயே மறித்தார்.

"என்னண்ணே கொண்டாந்திருக்கீக?"

"புள்ளைக்குத்தான் சிஸ்டர். ஒரு ஆணிகூட அடிக்கல. சூடு இம்மி வெளிய போகாது."

"சரி, காத்து எப்படி உள்ள போகும்?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "ஓட்டை போட்டுத் தாரேன்."

"ஒண்ணும் போட வேணாம். இனிமே பெட்டி நீங்கதான். போயி நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. பவுடர், சென்ட்டு எதுவும் கூடாது. வந்து சட்டையக் கழட்டுங்க."

"சட்டையையா?"

"புள்ளைய உங்க நெஞ்சுல வச்சுக் கட்டப்போறேன். அவுகம்மாவுக்கு பிரஷர் இன்னும் இறங்கலையே."

"அது பொம்பளைக செய்யிற வேலையில்ல?"

"சூட்டுக்கு ஆம்பளை பொம்பளைன்னு தெரியுமாண்ணே?"

குளித்து வந்த அத்தானைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குழந்தைக்குக் குல்லாயும் இடுப்புத் துணியும் மட்டும். தவளை மாதிரி காலை மடக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, அவருடைய வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, ஷீலா துணியால் சுற்றிக் கட்டினார்.

"ஒரு மணி நேரமாவது எந்திரிக்காம இருக்கணும்."

"ஒரு மணி நேரமா!" அத்தான் ஊசியைப் பார்த்தவர் போல மிரண்டார்.

பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். "சிஸ்டர், அந்தக் கதவுல கீல் இறங்கிருக்கு. புள்ளைய வாங்கிக்கிட்டீகன்னா ரெண்டே நிமிசத்துல..."

"உக்காருங்கண்ணே."

"கிரீச் கிரீச்சுனு சத்தம் போடுது."

"கதவ விட நீங்கதான் போடுறீக."

பிறகு சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குனிந்து குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சில்லென்று இருந்த அவள் பாதங்கள் வெதுவெதுப்பாகியிருந்தன.

ஒரு மணி நேரம் அடுத்தடுத்த நாட்களில் மூன்றாகி, ஐந்தாகியது. வாசல்நிலை கேட்டுப் போன் செய்தவரிடம், "அடுத்த மாசம் பாப்போம்ணே. இப்ப நெஞ்சுல வேலையிருக்கு" என்றார்.

எட்டாம் நாள் அக்காவுக்கு நடக்க அனுமதி கிடைத்தது. அன்று காலை அத்தான் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"சிஸ்டர்! இவ என்னையக் கொத்துறா!"

ஷீலா ஓடி வந்தார். குழந்தை வாயைத் திறந்து, தலையை இங்குட்டும் அங்குட்டும் திருப்பி, அத்தானின் நெஞ்சை நக்கிக்கொண்டிருந்தது. ஷீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கொத்தலண்ணே, பால் தேடுறா. பாவம், தப்பான வீட்டுக் கதவத் தட்டுறா. ஸ்வேதா, ஓடு! அக்காவக் கூட்டிக்கிட்டு வா!"

ஓடினேன். அக்கா தையல் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். குழந்தையை அவள் மேல் அதே மாதிரி வைத்து, ஷீலா ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சி உதட்டில் படவைத்தார். குழந்தை நக்கியது. பிறகு தூங்கிவிட்டது. அக்காவின் முகம் வாடியது.

"அவசரப்படாதீக. இம்புட்டுப் புள்ளைக்கு இதே பெரிய வேலை."

காத்திருந்தோம். சட்டை போடவும் மறந்து அத்தான் நின்றுகொண்டிருந்தார். குழந்தை மறுபடி வாயைத் திறந்தது. பற்றியது. நாலு இழுப்பு, ஓய்வு. மறுபடி நாலு இழுப்பு.

"இழுக்குறாடி" என்றாள் அக்கா. அவள் கண்ணீர் குல்லாயில் விழுந்தது.

அதற்குப் பிறகும் பல நாட்கள் மிச்சப் பாலைப் பாலாடையில்தான் ஊட்டினோம். எடை ஆயிரத்து எண்ணூறைத் தொட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேக்குப் பெட்டியை ஷீலா கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது வார்டுக் குல்லாய்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கிளம்பும் நாளில் அக்கா கையை நீட்டினாள். "ஏங்க, அந்தக் கீலச் சரிபண்ணணும்னு சொன்னீகளே. புள்ளையக் குடுத்துட்டுப் போயிப் பாருங்க."

அத்தான் கதவைப் பார்த்தார். நெஞ்சில் கட்டியிருந்த துணிக்குள் தூங்கும் மகளைப் பார்த்தார்.

"அது கெடக்கு, இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.