அம்மாவுக்கு ஒரு கூடாரம்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்கள் குடும்பம் வருசா வருசம் போகும். பாபநாசத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, அரிசி, அடுப்பு, பாய், குடம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கொடியிறக்கத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய் இறங்குவோம். அந்த நாட்களில் அங்கே ரூம் கிடைக்காது. கிடைத்தாலும் எங்களுக்குக் கட்டாது. கடற்கரைப் பக்கம் வண்டிகள் நிற்கிற மணல் திடலில், வண்டிக்கும் இரண்டு மூங்கில் கழிகளுக்கும் நடுவே நெல் மூடுகிற படுதாவை இழுத்துக் கட்டினால் அதுதான் மூன்று நாளைக்கு வீடு. நாலு பக்கமும் திறந்து கிடக்கும். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

போன வருசம் சித்திரையில் அம்மாவுக்குக் குடலில் ஆபரேசன் ஆனது. மலம் இனிமேல் வழக்கமான வழியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் இடது பக்கம் ஒரு துளை, அதன் மேல் ஒட்டிய ஒரு பை. அது நிறைய நிறைய அம்மாவே காலி செய்து கழுவிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நர்ஸம்மா அக்காவை மட்டும் திரைக்கு உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். என் வேலை திரைக்கு வெளியே, டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துச் சொல்வது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று படித்தேன். அப்பா உடனே, "அப்ப இந்தக் குறுவைக்கு அவ நடவுக்குப் போவ முடியாது" என்றார். "சம்பாவுக்கும்தான்" என்றாள் அக்கா. அம்மா இருபது வருசத்துக்கு மேலாக நாற்று நட்டவள். குனியாதே என்றால் எங்களுக்கெல்லாம் வயல்தான் நினைவுக்கு வந்தது. நானும் அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை நடக்கவில்லை. அவள் கொல்லைப்பக்க மறைப்புக்குள் வாளியோடு போவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். நான் திரும்பி வரும்போது அவள் வேறு சேலையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆவணி பிறந்ததும் திருவிழாப் பேச்சு வந்தது. "நீங்க போயிட்டு வாங்க. நான் ஆட்டப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கேன்" என்றாள் அம்மா.

காரணம் ஆடு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்னால், பொழைச்சு எழுந்தா கொடி எறங்குற வரைக்கும் அங்கயே கெடக்குறேன் மாதாவே என்று எங்கள் எல்லோர் காதும் கேட்க நேர்ந்துகொண்டவள் அவள். அதை நிறைவேற்றாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்பதும் தெரியும். ஆனால் திறந்த திடலில், நூறு குடும்பத்துக்கு நடுவில், அவள் எங்கே போய் அதைச் செய்வாள்? கட்டணக் கழிப்பறைகளில் வரிசை எப்போதும் ரோடு வரைக்கும் நிற்கும். பை நிறைவது வரிசைக்குக் காத்திருக்காது.

நான்தான் சொன்னேன். "டென்ட்டு ஒன்னு வாங்குறேம்மா. நாலு பக்கமும் துணி, ஜிப் வச்ச கதவு. உள்ள போயி மூடிக்கிட்டா ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியாது. நீ வா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியெல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"சரி" என்றாள். நான் சொன்ன அந்த ‘இருக்கு’ என்ற ஒரு சொல்லை நம்பி அவள் வரப் போகிறாள்.

நான் வேலை பார்ப்பது பாபநாசத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற ஒரு கடையில். பட்டா மாறுதல், வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு. வருகிறவர்கள் காகிதத்தை நீட்டி, "நீயே பாத்துப் போடுப்பா" என்பார்கள். திரையில் தெரிகிற கட்டங்களைத் தப்பில்லாமல் நிரப்புகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. கூடாரத்தையும் அப்படித்தான் தேடினேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் அதே வேலை. காணொளிகளில் வந்தவர்கள் எங்களைப் போல இல்லை. மலை உச்சியில் இரண்டு பையன்கள், ஒரு கிட்டார், ஒரு நாய். விடியக்காலையில் கூடாரத்தைத் திறந்து மேகத்தைப் பார்த்து, "செம ஃபீல் மக்களே" என்றார்கள். எனக்கு அந்த ஃபீல் வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் உள்ளிருப்பவரின் நிழல் வெளியே தெரியுமா, அதுதான் வேண்டும். அதை ஒருவரும் சொல்லவில்லை. வாங்கினவர்கள் எழுதியிருந்த கருத்துகளில் துழாவித் துழாவி, வெளிர் நிறத் துணி என்றால் தெரியும், கரும்பச்சை என்றால் தெரியாது என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோசம். தரைத்துணி தனியாகத் தைத்திருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகும், சேர்த்துத் தைத்திருந்தால் ஒழுகாது. சேர்த்துத் தைத்ததாகப் பார்த்தேன். மழைக்கு, காற்றுக்கு, ஜிப் சிக்காமல் ஓடுவதற்கு, எல்லாவற்றுக்கும் பார்த்தேன். உயரம் நாலடி என்று போட்டிருந்தது. உட்கார்ந்தால் தலை இடிக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஊர் சுற்றுகிறவர்களின் குழு ஒன்றில் கேள்வியும் கேட்டேன். குடும்பத்தோடு கடற்கரையில் மூன்று நாள், பெரியவங்க ஒருத்தர் இருக்காங்க, எது வாங்கலாம் என்று. யாரோ ஒருவர் பொறுப்பாகக் கேட்டார்: "பெரியவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியாம இருக்கா ப்ரோ?" பதிலைத் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். கடைசியில், "இல்ல ப்ரோ, நல்லா நடப்பாங்க" என்று போட்டேன். முகம் தெரியாத ஒரு மனிதரிடம் கூட என்னால் அதை எழுத முடியவில்லை. அப்படியானால் இந்த நாலு பேர் மாடலே போதும் என்று அவர் சொன்னார்.

பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற திடலில் அதை நிறுத்திப் பார்த்தோம். முதல் நாள் மழை பெய்து களிமண் பதமாக இருந்தது. கம்பி முளைகளை அப்பா ஒவ்வொன்றாக அடித்து இறக்கினார். இழுத்துப் பார்த்துவிட்டு, "மாட்டக் கட்டுனாலும் புடுங்காது" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், சுற்றி வந்து பார்த்தார். "ஏன் மாப்ள, வாத்து மேய்க்கிறவன் வயல்ல போடுற குடிசை மாதிரி இருக்கு. இதத்தான் பத்து நாளா செல்லுல தேடுனியா?"

"உள்ள போயிப் பாத்துட்டுப் பேசுங்க மாமா."

மாமா முட்டி போட்டு உள்ளே ஊர்ந்தார். அப்பா ஊர்ந்தார். பின்னால் நான். மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். "அட, தாராளமா இருக்கே. மாமியாருக்குத் தெரியாம ஒரு கட்டிங் போட்டா கூட வெளியில தெரியாது" என்றார் மாமா. "மாதா கோயிலுக்குப் போற பேச்சா இது" என்று வெளியே அக்காவின் குரல்.

அம்மா தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வெளியே வந்ததும், "நல்லாருக்கு" என்றாள். நீயும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாரும்மா என்று நான் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகள் அத்தனையும் கூடி நின்றன. அவளை உள்ளே போகச் சொன்னால் எதற்கென்று கேள்வி வரும். அவளும் அதனால்தான் எழுந்து வரவில்லை என்று நினைக்கிறேன். கூடாரத்தைச் சுருட்டிப் பையில் திணித்தோம்.

திருவிழாவுக்குப் போனபோது வழியெல்லாம் கூட்டம், வண்டி ஊர்ந்தே போனது. திடலில் இடம் பிடிக்கும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அம்மா முன் சீட்டிலேயே இருந்தாள். காலையில் வீட்டில் இரண்டு இட்லி தின்றவள், அதன் பிறகு தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. "டென்ட்டு ஆச்சாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இதோம்மா" என்றேன்.

ஆகவில்லை. எங்கள் களிமண்ணில் மாட்டைக் கட்டலாம் என்ற முளை, மணலில் விரலால் இழுத்தாலே வந்தது. ஒரு பக்கம் அடித்தால் மறு பக்கம் கடல்காற்றில் தூக்கிக்கொண்டது. மாமா துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடினார். கடைசியில் அப்பா வண்டியிலிருந்த வெறும் சாக்குகளில் மணலை அள்ளிக் கட்டி மூலைக்கு ஒன்றாக வைத்தார். கூடாரம் நின்றது. அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

"வாம்மா" என்றேன்.

அம்மா கையில் வாளியும் துண்டும் வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஜிப்பை இழுத்தேன். கதவு திறந்தது. அது அவள் இடுப்பு உயரத்துக்குத்தான் இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள எப்படிப்பா போறது?"

"முட்டி போட்டு, கைய ஊனி…" என்று ஆரம்பித்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. குனியக் கூடாது என்று அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னவன் நான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஜிப்பைப் பிடித்தபடியே நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியை மணலில் ஊன்றினாள். நான் வாங்கினது வீணாகக் கூடாது என்றுதான் அவள் அதைச் செய்தாள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு முட்டி. கை. தலையும் தோளும் உள்ளே போயின. அதற்கு மேல் நகரவில்லை.

"பெரியவளே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. அக்கா அடுப்பையும் தன் பிள்ளைகளையும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"பை ஒட்டு விட்டுருச்சு. ஆம்பளைங்கள்லாம் அந்தாண்ட போங்க" என்றாள்.

பக்கத்து வண்டியில் குத்தாலத்துப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களில் ஒரு பெண் துவைத்துக் காயப்போட்டிருந்த சேலைகளை உருவிக்கொண்டு வந்தாள். "என்னக்கா, மயக்கமா?" "இல்லங்க, ஆபரேசன் பண்ணிருக்கு" என்றாள் அக்கா. "சரி சரி, ஏய், ஆளுக்கொரு முனையப் புடிங்கடி, பேசிக்கிட்டு நிக்காதீங்க." ஐந்தாறு பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள். நான் முதுகைக் காட்டி நின்றேன். கையில் கூடாரத்தின் உறை இருந்தது. அதில் ஒரு படம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி போதாது, இன்னொரு கொடம்" என்று அக்கா சொன்னாள். நான் திரும்பாமலே, "கொண்டு வரவாக்கா" என்றேன். "நீ வராத" என்றாள். அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

சேலைகள் இறங்கியபோது அம்மா வேறு சேலையில் நின்றாள். சுற்றியிருந்த வண்டிகளிலிருந்து எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு இருக்கு?" என்றாள் அம்மா.

அப்பா, "வந்தது வந்துட்டோம், மாதாவப் பாத்துட்டாவது போவலாமே" என்றார்.

"பாக்கத்தான் வந்தேன். இப்ப வேணாம்."

"நான் வரேம்மா" என்றாள் அக்கா. "புள்ளைங்கள வச்சிக்கிட்டு நீ எங்க வரப் போற? இவன் வரட்டும்" என்றாள் அம்மா. கோயில் இருந்த திசைக்குத் திரும்பி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கோபுரம் கூட அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. நடக்கத் தொடங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பஸ் நாகப்பட்டினம் தாண்டியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால், அதெல்லாம் ஒன்னுமில்லப்பா என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையும் அவளுக்கா என்று விட்டுவிட்டேன். வேறொன்று கேட்டேன். நாலு மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா மாத்தணும்?"

அம்மா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "மாத்துறது மூணு நாளைக்கு ஒருக்கா. கொட்டிக் கழுவுறது தெனம் நாலஞ்சு தடவ. சாப்ட்டா ஒரு மணி நேரத்துல நெறஞ்சிரும்." வயலுக்குத் தண்ணீர் வைக்கிற முறையைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "குனிய வேணாம். நின்னுக்கிட்டே செஞ்சிருவேன். சாஞ்சுக்க ஒரு செவுரு இருந்தா போதும்" என்றாள்.

திருவாரூர் பஸ் நிலையம் வந்தபோது அவள் என் கையைத் தொட்டாள். "இங்க எங்கயாச்சும் கதவு உள்ளதாப் பாரு."

இறங்கி, அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நடந்தேன், பிறகு ஓடினேன். கட்டணக் கழிப்பறையில் பெண்கள் பக்கத்து வாசலில் காசு வாங்குகிற ஓர் அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, ஆம்பளைக்கு அந்தப் பக்கம்" என்றார். முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மாவுக்குங்க. வயித்துல ஆபரேசன் பண்ணிப் பை வச்சிருக்கு. அது நெறஞ்சு போச்சு. வரிசையில நிக்க முடியாது. நின்னுக்கிட்டு செய்யறாப்புல ஒரு எடம் வேணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயிக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் என்னிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வாசல் தாண்டி நான் போக முடியாது. உள்ளே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று நான் போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. அவள் கூப்பிட்டால் நான் உள்ளே போய் ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனாலும் அங்கேயே நின்றேன்.