அக்கா வீட்டு மழை

எங்கள் வயலுக்கு எங்கள் ஊர் மழை போதாது. அஞ்சுகிராமம் பக்கம் ஆனி, ஆடியில் விழுகிற தூறலை நம்பினால் கோழி குடிக்கக்கூடத் தண்ணீர் காணாது. முதல் போகமான கன்னிப்பூ நெல்லுக்கு வேண்டிய மழை மேற்கே, பேச்சிப்பாறை அணைக்கும் மேலே உள்ள மலையில் பெய்ய வேண்டும். அணை நிறைந்து, கால்வாயில் இறங்கி, வழியிலுள்ள ஊரெல்லாம் எடுத்தது போக மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். நாங்கள் கடைவரம்புக்காரர்கள்.

என் அக்காவைத் திற்பரப்புக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் அவளுக்கு வேலை கிடையாது. அவள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டால் எங்கள் வீட்டில் சந்தோஷப்படுவோம். இதைவிடக் கேவலமான சொந்தம் உண்டா என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனாலும் வருஷா வருஷம் விதைக்கும் முன் என் கணவர் அவளுக்குத்தான் போன் போடச் சொல்வார். எங்கள் பக்கத்தில் மலையோரம் சொந்தம் உள்ள எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு.

அந்த வருஷம் பேப்பரில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். பசிபிக் கடல் சூடாகிறது, எல் நினோவாம். அப்படிச் சூடாகிற வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கம் கூடுதலாகப் பெய்ய வாய்ப்பு உண்டு. அவரிடம் வாசித்தே காட்டினேன்.

"கன்னிப்பூவ இந்தத் தடவ விட்டிருவோம். ஐப்பசி மழைக்குக் கும்பப்பூ மட்டும் போட்டாப் போதும்."

"எங்கயோ கெடக்க கடலு சூடானா எனக்க வயலு காயுமாட்டி? பேப்பர்ல ராசிபலனுந்தான் போடுகான்" என்றார். அதோடு விட்டாரா? "இந்தப் பூவும் கருகிச்சுன்னா மண்ணடிச்சு மனையா வித்துப்போடுவேன், பாத்துக்க."

வீம்புக்காரர். வாயை விட்டுவிட்டால் பின்வாங்க மாட்டார். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "இங்க ஒரே மழதான் மக்கா. வெட்டு நின்னு போச்சு. சும்மாதான் இருக்கேன்" என்றாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, விதைநெல்லை ஊறப்போடப் போனார்.

அக்கா பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் மழைதான். மத்தியானத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டிவிட்டு, இருட்டுமுன் ஓய்ந்துபோகிற கோடைமழை. அவள் ஊருக்கு மேலே அணை, அணைக்கும் மேலே மலை. அந்த மலையில் விடாமல் நின்று பெய்ய வேண்டிய பருவமழை வரவே இல்லை. அவள் முற்றம் நனைந்ததற்கு இவர் இங்கே மனசில் அணையை நிறைத்துக்கொண்டார்.

கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் மடைக்கு வரும்போது வெறும் ஈரம்தான் வந்தது. பயிர் மஞ்சளித்து, பிறகு வைக்கோல் நிறத்துக்குப் போனது. அதில் மாட்டை இறக்கி மேயவிட்டார்.

"உனக்க அக்கா நாக்குல சனியன்லா இருக்கு" என்றார்.

"அந்த மழையில அவ வேலையுந்தான் போச்சு. அவளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

பசிபிக் கடலைத் திட்ட முடியாது. பருவக்காற்றின் சட்டையைப் பிடிக்க முடியாது. கைக்கு எட்டியவள் என் அக்கா, அவள் மேல் விழுந்தது. அவளோடு பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் மேல் வந்த வெறுப்பு இன்னும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

"கும்பப்பூ வரைக்கும் பொறுங்க. ஐப்பசில மழ வரும்னு போட்டிருக்கு" என்று கெஞ்சினேன். புரட்டாசியிலேயே லாரிகள் வந்துவிட்டன. நெல் நின்ற இடத்தில் செம்மண்ணைக் கொட்டி நிரவினார்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, வாங்கியவர்கள் பெயரில் எழுதியும் கொடுத்தாயிற்று.

ஐப்பசியில் பெய்தது. எங்கள் ஊரிலேயே, எங்கள் தலைக்கு மேலேயே, பகலும் இரவும் பெய்தது. குளம் நிரம்பி மறுகால் போனது. அக்கம்பக்கத்து வயல்களில் கும்பப்பூ நாற்று பச்சையாக நின்றது. ஆடியில் மழையைத் தடுத்த அதே கடல்தான் இப்போது கொண்டுவந்து கொட்டுகிறது என்று அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. கடைக்கு அரிசி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் வாசலில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமல் கேட்டார், "ஏட்டி, வாற வருசம் மழ எப்பிடின்னு பேப்பர்ல போட்டிருக்கானா?"

"எப்பிடி பெஞ்சா நமக்கென்ன?" என்றேன். "குடைய எடுங்க."